வண்டி ஹீட் ஆகிறதா? சிக்னலிலா, மலையிலா என்று முதலில் பாருங்கள்

மதுரைப் பக்கம் ஒரு கார் ஹீட் ஆகிறது என்றால் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் அது வெளியே தெரியும். ஒன்று, மதிய வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு கோரிப்பாளையத்திலோ சிம்மக்கல்லிலோ நகராமல் நிற்கும்போது. இன்னொன்று, வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறத் தொடங்கிய பிறகு. இரண்டு இடத்திலும் டேஷ்போர்டில் எரிவது அதே சிவப்பு விளக்குதான். ஆனால் காரணம் ஒன்றல்ல. சிக்னலில் மட்டும் சூடேறும் வண்டிக்குப் புது ரேடியேட்டர் வாங்கிப் போட்டவர்களும், மலையில் மட்டும் சூடேறும் வண்டிக்கு ஃபேன் மோட்டாரை மாற்றியவர்களும் நம் ஊரில் நிறைய. காசு போனதுதான் மிச்சம், சூடு போகவில்லை.

அதனால் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நின்றபோது ஏறியதா, ஓடும்போது ஏறியதா? கிளம்பிய அஞ்சாவது நிமிடத்திலா, ஒரு மணி நேரம் கழித்தா? ஏசி ஓடியதா? இந்தப் பதில்கள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. செகண்ட் ஹேண்டில் முதல் கார் வாங்கியவர்கள், பானட்டைத் திறந்தால் எது என்ன என்றே புரியவில்லை என்பவர்கள், அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு டார்ச், ஸ்க்ரூ டிரைவர், பிளையர், தடிமனான பழைய துண்டு, ஒரு ஜோடி கையுறை. ஆரம்பச் சோதனைகளுக்கு இவ்வளவு போதும்.

சிவப்பு விளக்கு எரிந்த அந்த நிமிடம்

ஏசியை உடனே அணையுங்கள். ஹீட்டர் இருக்கும் வண்டி என்றால் அதை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். மே மாத மதியத்தில் ஹீட்டரா என்று பின்சீட்டில் இருப்பவர்கள் கத்துவார்கள், கத்தட்டும். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வண்டிக்குள் கொட்டிவிடும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓரம் கட்டுங்கள். "இன்னும் ரெண்டே கிலோமீட்டர், திருமங்கலம் வந்துரும்" என்று மட்டும் ஓட்டாதீர்கள். சில நூறு ரூபாய் ரேடியேட்டர் மூடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பல ஆயிரம் ரூபாய் ஹெட் (இன்ஜினின் மேல் பாகம்) வேலையாக மாறுவது அந்த இரண்டு கிலோமீட்டரில்தான்.

பல சின்ன கார்களில் இப்போது டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, எல்லை மீறினால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் சிவப்பு எரியும்போதே நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். முள் இருக்கும் வண்டிக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் முழுவதும் ஒழுகிப்போனால் சென்சார் காற்றில் நிற்கும். அப்போது முள் ஏறாமலும் இருக்கலாம், திடீரென்று கீழே இறங்கவும் செய்யலாம். முள் நடுவில்தானே இருக்கிறது என்று நிம்மதியாக ஓட்டி இன்ஜினையே சுற்றாமல் இறுகிப்போக வைத்தவர்கள் உண்டு.

ஓரம் கட்டிய பிறகு ஆவி வருகிறதா, இனிப்பான ஒரு வாசனை வருகிறதா, வண்டிக்கு அடியில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். இதில் எது இருந்தாலும் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். எதுவும் இல்லை, சிக்னலில் நின்றதால் மட்டும் ஏறியது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் சத்தமும் கேட்கிறது என்றால் ஒரு நிமிடம் நியூட்ரலில் ஓடவிட்டுப் பார்க்கலாம். இறங்கவில்லை என்றால் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பி, முன்னால் போய்க் காது கொடுங்கள். இவ்வளவு சூட்டில் பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் ஓடியே ஆக வேண்டும். ஓடவில்லை என்றால் திருடன் யார் என்று பாதி தெரிந்துவிட்டது.

அடுத்தது பொறுமை. குறைந்தது அரை மணி நேரம், வெயில் காலத்தில் முக்கால் மணி நேரம். அதுவரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. உள்ளே இருப்பது பிரஷர் குக்கர்தான். விசில் அடங்காத குக்கரை யாரும் திறப்பதில்லை, ஆனால் ரேடியேட்டரைத் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொள்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். இன்ஜின் மேலே பச்சைத் தண்ணீரை வாளியோடு ஊற்றுவதும் வேண்டாம். சூடான அலுமினிய ஹெட்டில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம்.

ஆறிய பிறகு துண்டைப் போட்டு மூடியைக் கால் திருப்புத் திருப்பி, காற்று வெளியேறும் சத்தம் அடங்கியதும் முழுவதும் திறங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அவசரத்துக்குப் பாட்டில் குடிதண்ணீர் போதும். ஊற்ற ஊற்றக் கீழே வழிகிறது என்றால் அந்த வண்டி இன்று தன் காலில் வீடு வராது, டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

எரியும் பெட்ரோலில் இருந்தோ டீசலில் இருந்தோ வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்தான் சுமந்துகொண்டு போகிறது. வாட்டர் பம்ப் அதை இன்ஜினுக்குள் சுற்றவிடும். சுமார் 82 அல்லது 88 டிகிரி வந்ததும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு அனுப்பும். அங்கே எதிர்க்காற்றில் அது ஆறித் திரும்பும். வண்டி நின்றால் எதிர்க்காற்று கிடையாது, அதற்குத்தான் ஃபேன். இதையெல்லாம் அழுத்தத்தில் வைத்திருப்பது மூடி. 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர், அந்த அழுத்தத்தில் 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். மூடி கெட்டால் இந்த 20 டிகிரிப் பாதுகாப்பும் போச்சு.

இது புரிந்தால் சிக்னல், மலை வித்தியாசமும் புரிந்துவிடும். நிற்கும்போது ஏறி, ரிங் ரோட்டில் 60, 70-இல் போனதும் தானாக இறங்கினால் தண்ணீர் ஓட்டம் பெரும்பாலும் சரி, காற்றோட்டம்தான் இல்லை. ஃபேனையும் அதன் மின்சாரத்தையும் பாருங்கள். ரேடியேட்டர் வெளிப்புறம் குப்பையால் அடைத்திருந்தாலும் இப்படி ஆகும். இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒன்றும் இல்லை, நான்குவழிச் சாலையில் 100-ஐத் தொட்டாலோ ஏற்றத்தில் இழுத்தாலோ ஏறுகிறது என்றால் சூடு உற்பத்தியாகும் வேகத்துக்குத் தண்ணீரால் அதைச் சுமக்க முடியவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, பாதி திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப், குறைந்த கூலன்ட், இவற்றில் ஒன்று. கிளம்பிய சில நிமிடங்களிலேயே விர்ரென்று ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்க வேண்டும், அல்லது உள்ளே தண்ணீரே இல்லை. முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடினால் ஏர் லாக் (உள்ளே மாட்டிக்கொண்ட காற்று) அல்லது தண்ணீர்க் குறைவு.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்து, மொபைலோடு புளூடூத்தில் சேரும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்ல செலவு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் கூலன்ட்டின் சூடு டிகிரிக் கணக்கில் தெரியும். சாதாரணமாக 85-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கும். பல வண்டிகளில் ஃபேன் 95 முதல் 100-க்குள் ஓடத் தொடங்கும். 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், சிவப்பு விளக்குக்குக் காத்திருக்காமல் ஓரம் கட்டுங்கள்.

காலையில், ஆறிய இன்ஜினில்

எல்லாச் சோதனையையும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் செய்யுங்கள். முதலில் கூலன்ட் அளவு. வெள்ளை ரிசர்வ் டப்பாவில் மேல்கோடு, கீழ்கோடு இருக்கும், இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். டப்பா நிறைந்திருந்து ரேடியேட்டர் காலியாக இருக்க முடியும். மூடியைத் திறந்து, கழுத்து வரை நிற்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, அந்த வெள்ளை டேங்க்கின் மூடியே பிரஷர் மூடி. அங்கே டேங்க் அளவே கணக்கு.

நிறத்தையும் பாருங்கள். பச்சையோ, சிவப்போ, நீலமோ, எதுவாக இருந்தாலும் தெளிவாக இருந்தால் சரி. செங்காவி நிறத்தில் கலங்கியிருந்தால் யாரோ வருடக்கணக்கில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தால் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

இப்போது மூடி. இந்தச் சின்ன சாமானைப் பெரும்பாலானோர் கண்டுகொள்வதே இல்லை. மேலே 0.9 என்றோ 1.1 என்றோ எண் அடித்திருக்கும். அது தாங்கும் அழுத்தம். திருப்பிப் பிடித்தால் ஒரு ஸ்பிரிங், அதன் நுனியில் ரப்பர் வளையம், நடுவில் பொத்தான் மாதிரி ஒரு குட்டி வால்வு தெரியும். ரப்பரை விரல் நகத்தால் அழுத்துங்கள். கல் மாதிரி இறுகியோ வெடித்தோ இருந்தால் மூடி போய்விட்டது. நடு வால்வை நகத்தால் மெதுவாக இழுத்துவிட்டால் பட்டென்று திரும்ப உட்கார வேண்டும். அது சிக்கிக்கொண்டால், ஓட்டும்போது டப்பாவுக்குப் போன கூலன்ட் ஆறும்போது திரும்பி வராது. இதற்கு அடையாளம், காலையில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) சப்பிப்போய் இருக்கும், டப்பா மட்டும் நிறைந்திருக்கும். புது மூடி வாங்கும்போது அதே எண்ணில் வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். பழைய ஹோஸும் பிளாஸ்டிக் டேங்க்கும் அந்தக் கூடுதல் அழுத்தத்தில் பிய்த்துக்கொள்ளும்.

பிறகு ஒழுகல். டார்ச் அடித்து ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை, இவற்றைச் சுற்றிப் பாருங்கள். காய்ந்த கூலன்ட் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகவோ பச்சையாகவோ தடம் விட்டிருக்கும். ஹோஸைக் கையால் அமுக்குங்கள். கொழகொழவென்று இருந்தாலும் மொறுமொறுவென்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தெருவில் நிறுத்தும் வண்டிகளில் ஹோஸைவிட ஃபேன் ஒயரைக் கடிப்பதுதான் அதிகம். கூலன்ட் உள்ளே ஒழுகினால் முன்சீட் கால்மிதியடி ஈரமாகி, பிசுபிசுப்பாக இருக்கும். அது ஹீட்டர் பக்கத்துக் கசிவு.

கேஸ் கிட் போட்ட வண்டி என்றால் இன்னும் இரண்டு மூன்று ஜாயின்ட்டுகள் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்பிஜி, சிஎன்ஜி அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசரைச் சூடாக வைத்திருக்க இன்ஜின் கூலன்ட்டையே சின்ன ஹோஸ்கள் வழியாக அதற்குள் விட்டிருப்பார்கள். ஒழுகலும் ஏர் லாக்கும் அங்கே அடிக்கடி வரும்.

ஃபேன்

சிக்னலில் ஏறும் வண்டிக்கு இதுதான் முதல் வேலை. இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். கிட்டத்தட்ட எல்லா வண்டியிலும் ஏசி போட்டதும் ஃபேன் ஓடத் தொடங்கும். ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. ஏசியோடு ஓடுகிறது, ஆனால் இன்ஜின் சூடாகும்போது தானாக ஓடவில்லை என்றால் டெம்பரேச்சர் சென்சார் மேல் சந்தேகம். இரண்டு ஃபேன் இருக்கும் வண்டியில் எது ஓடுகிறது என்று கவனித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் ஓடினாலும் ஓடுகிற சத்தம் கேட்கத்தான் செய்யும்.

ஓடவே இல்லை என்றால் ஃப்யூஸ் பெட்டியைத் திறங்கள். மூடியின் உள்பக்கம் எது எதற்கு என்று படம் இருக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஃப்யூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். மறுபடியும் எரிந்தால் மோட்டார் இறுகிவிட்டது அல்லது ஒயர் எங்கோ உரசுகிறது, பெரிய ஃப்யூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள், ஒயரிங் தீப்பிடிக்கும். ஃப்யூஸ் சரி என்றால் அடுத்தது ரிலே, ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச். பெட்டியில் அதே எண்ணுள்ள ஹாரன் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஃபேன் ஓடி ஹாரன் ஊமையானால் ரிலேதான் குற்றவாளி. கடைசியாக, ஃபேன் கனெக்டரைக் கழற்றி பேட்டரியில் இருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சுற்றாத மோட்டாரை மாற்ற வேண்டியதுதான். இதையெல்லாம் செய்யும்போது விரல் பத்திரம். இன்ஜின் நின்றிருந்தாலும் சூட்டில் ஃபேன் திடீரென்று சுற்றும்.

பொலேரோ, குவாலிஸ் மாதிரி பழைய வண்டிகளில் பெல்ட்டில் ஓடும் பெரிய ஃபேன், நடுவில் விஸ்கஸ் கப்ளிங் (சூடேறினால் ஃபேனை இறுக்கிப் பிடிக்கும் இணைப்பு). நன்றாகச் சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேனைக் கையால் சுற்றுங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டும். சும்மா சுழன்றுகொண்டே போனால் உள்ளே இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் போய்விட்டது.

காற்று பற்றிப் பேசும்போது இன்னொன்று. ஆயுத பூஜைக்கும் சபரிமலைப் பயணத்துக்கும் கிரில்லின் குறுக்கே தடிமனாக மாலை கட்டுவோம். கம்பம், குமுளி வழியாக ஏறும் வண்டியில் அந்த மாலை ரேடியேட்டருக்குப் போகிற காற்றை மறைத்துக்கொண்டே வரும். பானட் மேலே கட்டுங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். பூச்சி வராமல் இருக்க மாட்டும் நெருக்கமான வலைக்கும் இதே கதைதான்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார், கழட்டி விட்டுர்றேன்" என்று சொல்லாத பட்டறை குறைவு. மறுத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் வெளியே இருக்கும் வெயிலுக்காக இல்லை, இன்ஜின் தனக்கான சூட்டில் ஓடுவதற்காக. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது. குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விடும், மைலேஜ் விழும், ஆயில் கெடும். அதைவிட முக்கியம், பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் இன்ஜினுக்கே திரும்பும். சூடு குறைய வேண்டி எடுத்ததே ஏற்றத்தில் சூட்டைக் கூட்டிவிடும்.

சந்தேகம் வந்தால் சோதிப்பது சுலபம். இன்ஜின் நல்ல சூட்டுக்கு வந்த பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையுறையோடு தொடுங்கள். மேலே கொதித்துக் கீழே வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. முள் உச்சத்தில் இருக்க, ஹோஸ்களில் ஒன்றோ இரண்டுமோ ஜில்லென்று இருந்தால் தண்ணீர் சுற்றவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சமையலுக்குத் தேவைப்படாத ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. தெர்மோஸ்டாட்டில் அடித்திருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும், கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டாலும், கோணலாகத் திறந்தாலும் புதிது போடுங்கள். விளிம்பில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடும் ஊசியும் இருந்தால், மாட்டும்போது அந்த ஊசி மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேற அதுதான் வழி.

ரேடியேட்டரும் நம் ஊர்த் தண்ணீரும்

மதுரையைச் சுற்றிப் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. வீட்டில் கெய்சரையும் குழாயையும் என்ன செய்கிறதோ அதையே ரேடியேட்டருக்குள்ளும் செய்கிறது, மெல்லிய குழாய்களில் உப்புக் காரை படிந்துவிடும். வாரா வாரம் அரை லிட்டர் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிக்கு இரண்டு வருடத்தில் மலை ஏற மூச்சு வாங்கும்.

கூலன்ட் குளிர் நாட்டுக்குத்தான், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலன்ட்டைவிடக் கெட்டி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தண்ணீர் துருப்பிடிக்க வைக்கும், பம்ப் சீலைத் தேய்க்கும், சீக்கிரம் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மூடி இல்லாமலேயே 107 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். 30 முதல் 50 சதவீதம் வரை எவ்வளவு கலக்க வேண்டும் என்று உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். கலக்கும் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் போதும். ரெடிமேட் கூலன்ட் என்று எழுதியிருந்தால் அதில் மறுபடி தண்ணீர் கலக்க வேண்டாம். பச்சையோடு பச்சை, சிவப்போடு சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து மட்டும் சேர்க்காதீர்கள், நிறம் வெறும் சாயம்தான். உள்ளே எந்த வகை இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே நல்லது.

வெளிப்புற அடைப்பைச் சுத்தம் செய்யும்போது இன்ஜின் பக்கத்தில் இருந்து முன்னோக்கித் தண்ணீரை அடியுங்கள், லேசான வேகத்தில். முன்னால் இருந்து வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, காற்றுக்கு இருந்த வழியும் போய்விடும். கல்குவாரிப் பக்கம் தூசியில் ஓடும் வண்டிகளில் ஏசி கண்டன்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவில் களிமண் பூசிய மாதிரி அடைத்திருக்கும், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. டார்ச்சைப் பின்னால் பிடித்து, முன்னால் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள்.

உள்ளடைப்புக்கு ஃப்ளஷ் செய்து பார்க்கலாம். பழைய பித்தளை ரேடியேட்டர்களை டேங்க்கைப் பிரித்துக் கம்பி விட்டு ராடிங் செய்வார்கள். பிளாஸ்டிக் டேங்க் உள்ள அலுமினிய ரேடியேட்டருக்கு அது சரிவராது, மாற்றுவதே மிச்சம். ஒழுகலை அடைக்க மஞ்சள் தூள் போடுவது பழைய டிரைவர்களின் வைத்தியம். பொட்டல் காட்டில் மாட்டிக்கொண்டால் வீடு வரை கொண்டுவந்து சேர்க்கலாம். ஆனால் அது ஓட்டையை மட்டும் தேடிப்பிடித்து அடைப்பதில்லை, நல்ல குழாயையும் ஹீட்டரையும் சேர்த்தே அடைக்கும். கடையில் விற்கும் லீக் அடைப்பானுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கூலன்ட் மாற்றுவதும் காற்றை எடுப்பதும்

வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்துங்கள். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் அடியில் உள்ள வடிகால் திருகையோ கீழ் ஹோஸையோ கழற்றி, அகலமான பாத்திரத்தில் பிடியுங்கள். பழைய கூலன்ட் விஷம், இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கிவிடும். சாக்கடையிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

நல்ல தண்ணீர் விட்டு, ஹீட்டரைத் திறந்து வைத்து ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். உள்ளே தங்கும் தண்ணீர் கூலன்ட்டை நீர்க்கச் செய்யும் என்பதால் கடைசித் தடவை டிஸ்டில்டு வாட்டர். பிறகு புதுக் கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். மடமடவென்று ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். கழுத்து வரை வந்ததும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைப் போடாமல் இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். கையுறையோடு மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் கழுத்தில் குபுக், குபுக் என்று குமிழ் வரும். முகத்தைக் குனிந்து வைத்துப் பார்க்காதீர்கள், தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் சில சமயம் பொங்கும். அது திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், மறுபடி நிரப்புங்கள். குமிழ் நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை விடுங்கள். ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்தால் காற்று வெளியேறிவிட்டது என்று நம்பலாம். சில இன்ஜின்களில் இதற்கென்றே ஒரு ப்ளீடிங் திருகு இருக்கும், இருந்தால் வேலை சுலபம். மறுநாள் காலை திறந்து பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள்.

வாட்டர் பம்ப் பற்றிச் சுருக்கமாக. அடி ஓட்டையில் ஈரம், பேரிங் இரைச்சல், கப்பியை ஆட்டினால் ஆட்டம், இதில் எது இருந்தாலும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், கூலி ஒன்றுதான்.

கேஸ்கெட் போய்விட்டதா?

எல்லாம் பார்த்தாயிற்று, எங்கும் ஒழுகவில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது, சூடும் ஏறுகிறது. அப்போதுதான் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது ஹெட்டுக்கும் அடியில் உள்ள இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகட்டை, சந்தேகிக்க வேண்டும். காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கட்டை மாதிரி இறுகினால், காற்று எடுத்த பிறகும் டப்பாவில் இடைவிடாமல் குமிழ் வந்தால், எரியும் வாயு தண்ணீருக்குள் கசிகிறது. சைலன்சரில் இனிப்பு வாசனையோடு அடங்காத வெண்புகை வருவது அடுத்த அடையாளம். கொடைக்கானலில் விடியற்காலையில் எல்லா வண்டியும் வெண்புகை விடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆயில் மூடியில் பால் கலந்த மாதிரிப் படிவதும் ஒரு குறி. ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரத்தால் லேசாகப் படியும், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம் இருந்தால்தான் உறுதி. நல்ல ஒர்க்‌ஷாப்பில் ஒரு நீலத் திரவத்தை ரேடியேட்டர் கழுத்தில் வைத்துச் சோதிப்பார்கள், இன்ஜினில் எரிந்த வாயு பட்டால் அது மஞ்சளாகிவிடும். ஹெட்டைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் இந்தச் சோதனையைக் கேளுங்கள்.

பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் வெறும் கேஸ்கெட்டை மாற்றி மூட விடாதீர்கள். ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி, கோணல் இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மட்டம் சீவும் ஃபேசிங். உங்கள் இன்ஜினுக்கு ஹெட் போல்ட்டுகளைப் புதிதாகப் போட வேண்டுமா என்று கேளுங்கள், பல இன்ஜின்களில் கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. முறுக்கும்போது முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கை அளவிலேயே முறுக்கிவிடுவேன் என்பவரிடம் ஹெட்டைக் கொடுக்காதீர்கள். கேஸ்கெட் ஏன் போனது என்பதையும் கண்டுபிடித்தாக வேண்டும். ஃபேனோ மூடியோ அப்படியே இருந்தால் புதுக் கேஸ்கெட்டும் அதே வழியில்தான் போகும்.

வேலை முடிந்ததும் நேராகக் கொடைக்கானலுக்குக் கிளம்ப வேண்டாம். முதலில் ஊருக்குள் மதிய வெயிலில் ஏசியோடு அரை மணி நேரம். அதில் தாக்குப்பிடித்தால் தேனி ரோட்டில் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் வரை போய் வாருங்கள். நெடுஞ்சாலை வேகமும் ஏற்றமும் ஒரே பயணத்தில் கிடைக்கும், நின்றாலும் ஊர் பக்கம். ஏற்றத்தில் பெரிய கியரில் முக்கவிடாமல், ஒரு கியர் குறைத்து இன்ஜினைச் சுற்றவிடுங்கள், பம்ப்பும் கூடவே வேகமாகச் சுற்றும். கிளம்பும் முன், ஆறிய இன்ஜினில் ரிசர்வ் டப்பாவின் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் கோடு அசையாவிட்டால் பெட்டியைக் கட்டலாம். துளி ஒழுகல் இல்லாமல் வாரா வாரம் இறங்கினால், அந்த நீலத் திரவச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.